அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிற வாசகி நான். மாமியார் கொடுமை, நகைச் சீட்டு, பிள்ளை படிப்பு என்று தோழிகள் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். வாடகை வீடு தேடி அலைந்த கதையை, அதுவும் பிறந்த ஊரிலேயே அலைந்த கதையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம். கட்டிக்கொடுத்தது காசிமேட்டில். கணவர் காலமான பிறகும் தையல் மிஷினை நம்பி, மாதம் 6,000 ரூபாய் வாடகையில் அங்கேயே காலம் தள்ளினேன். 2024 பொங்கல் கழிந்த கையோடு அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. அண்ணன் ஏரிக்குப் போய்விடுவார். அண்ணி மீன் வாங்கி விற்கப் போய்விடுவாள். அம்மாவை எடுத்து உட்கார வைக்கவும் பகலில் ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற என் மகள், "ஆயாகிட்டயே போயிடலாம்மா" என்றாள்.

அண்ணன் வீட்டிலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. ஒரு ஹால், ஒரு அறை, சமையல் இடம், அவ்வளவுதான். அதில் ஏற்கெனவே ஐந்து பேர். வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு நானும் போய் எங்கே படுப்பது? அண்ணி நல்லவள்தான். அவள் நல்லவளாகவே இருக்கட்டும் என்றுதான் தனி வீடு பார்க்க நினைத்தேன். அண்ணனுக்குத்தான் கோபம். "கூடப் பொறந்தவன் இருக்கறப்ப வாடகை வூடா? ஊரு இன்னா சொல்லும்?" என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

குப்பத்துக்குள் வாடகைக்கு விடுகிற வழக்கம் குறைவு. இருப்பதெல்லாம் தலைக்கட்டுக்காரர்களின் வீடுகள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்று ஊருக்கும் ஏரியில் 'பாடு' என்று முறை உண்டு, அதாவது யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற உரிமை. அது ஆண் பிள்ளை வழியாகத்தான் வரும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதில் பங்கு கிடையாது. மனையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். பிறந்த ஊரில் நான் விருந்தாளி!

சரி, அரசாங்கத்தில் உதவி ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். வீடு கட்ட உண்டு. 2016-ல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லம் இரண்டையும் சொன்னார்கள். கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம். "மனை இருக்கா, பட்டா இருக்கா, குடிசை இருக்கா?" என்றார்கள். மூன்றுக்கும் இல்லை என்றேன். வாடகைக்கு என்று கேட்டதும் சிரித்துவிட்டார்கள்.

வாடகைக்கு அரசு பணம் தந்து நான் அறிந்தது ஒன்றே ஒன்றுதான். சென்னையில் வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அதுவரை வெளியே தங்குவதற்காக ஒரு தொகை கொடுப்பார்கள். 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக்கினார்கள். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் வாங்கினார். பிறகு 2024 செப்டம்பரில் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-வில் வாடகை வீடுகளுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயரிலேயே 'நகர்ப்புறம்' இருக்கிறது. நாங்கள் இருப்பது ஊராட்சி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் போனில் புலம்பினேன். அவன் ஒரு செய்தி சொன்னான். அங்கே பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் பழைய அடுக்குமாடி வீடு வாங்குகிற குடும்பத்துக்கு அரசே 20,000 வெள்ளி தருகிறதாம். 2015-ல் ஆரம்பித்ததாம். வாடகைக்கு இல்லை, வாங்குவதற்குத்தான். இருந்தாலும், அம்மா அப்பா பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு என்று ஒரு அரசாங்கம் கணக்குப் போட்டிருக்கிறதே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து பழவேற்காடு பஜார் பக்கம் தேடினேன். அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் பத்து நிமிட நடை. முதல் இரண்டு வீடுகளில், "ஆம்பளை இல்லாத குடும்பமா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைக் காட்டவே இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர் வாடகை வேண்டாம், லீஸ் ஒரு லட்சம் என்றார். வாடகையே இல்லையே என்று ஆசையாக இருந்தது. கையில் பணம் இல்லை. வெளியே மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கலாம் என்று கிளம்பிவிட்டேன். என் மகள்தான் நோட்டில் எழுதிக் காட்டினாள்: லட்சத்துக்கு மாதம் 2,000 வட்டி. அதே தெருவில் வாடகையும் 2,000! போதாததற்கு அசல் கடன் அப்படியே நிற்கும். சொந்தப் பணம் வைத்திருப்பவர்களுக்குத்தான் லீஸ் லாபம், தோழிகளே.

நான்காவது வீட்டில் ஒரு பாய் வீட்டு அம்மா. பிள்ளைகள் சென்னையில், இவர் மட்டும் தனியாக இருக்கிறார். பின்கட்டில் ஒரு அறை, சமையல்கட்டு. வாடகை 2,000, அட்வான்ஸ் 6,000. என் கதையைக் கேட்டுவிட்டு, "அம்மாவைப் பாக்க வர்ற பொண்ணு. உனக்கு இல்லேன்னு சொன்னா அல்லாஹ் கேப்பான்" என்றார். அழுகை வந்துவிட்டது.

அழுகையோடு அழுகையாகச் சில விஷயங்களையும் கவனித்தேன். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நின்ற தண்ணீர். ஏரிக்கரையில் வீடு பார்ப்பவர்கள் கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள், சுவரைப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, மிஷினையும் அப்படியே வைத்தேன். குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், உப்பு. குடிக்க கேன் வாங்க வேண்டும். அதையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முக்கியமானது கரண்ட் மீட்டர். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அது மீட்டருக்கு வருகிற சலுகை. குடியிருக்கிறவளுக்கு என்று தனியாக வராது. காசிமேட்டில் எங்கள் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கறந்தார். தையல் மிஷினுக்கு மோட்டார் வேறு. இங்கே பின்கட்டுக்குத் தனி மீட்டர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற அது வேண்டும். கையெழுத்துப் போட அந்த அம்மாவுக்கு முதலில் பயம், வீட்டை எழுதி வாங்கிக்கொள்வேனோ என்று. அவர் மகனை வரவழைத்து வாசிக்கச் சொல்லிக் காட்டிய பிறகுதான் போட்டார். பயப்பட்டதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் வந்துகொண்டிருந்தது. ஜூனில் குடிவந்ததும் அது வந்த அன்றே எடுத்து, மீதி ஆயிரம் தையலில் போட்டு, முதல் மாத வாடகை கொடுத்தேன். வாடகை மானியம் என்று யாரும் பெயர் வைக்காத வாடகை மானியம்! பெயர் வைத்தே கொடுத்தால் என்ன? பட்டா உள்ளவர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டா இல்லாமல், அம்மாவைப் பார்க்க ஊர் திரும்புகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் என்று ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், நிமிர்ந்துவிடுவாள்.

குடிவந்த நான்காம் நாள் காலையில் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. ஒரு பையில் நண்டை வாசலில் வைத்துவிட்டு, "அம்மா உன்னைத் தேடுது, சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பிடித்த நண்டுதான். ரசம் வைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு நானும் மகளும் நடந்து போனோம். சூடு ஆறவில்லை.

– ஒரு வாசகி, கோட்டைக்குப்பம்.