குளத்தடி – 7: மச்சான் கையில் கயிறு

நீருக்கடியில் சேறு கலங்கிவிட்டால் டார்ச் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான் என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் மீட்பு முக்குளிப்புப் பயிற்றுநரின் தகுதி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு கொஞ்சம் வழுக்கத்தான் போகிறது. காரணம், ஒரு கயிறு.

கண் தெரியாத தண்ணீரில் உடலைத் தேடி இறங்குபவரின் மார்பு வாரில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். மறுமுனை கரையில் நிற்பவர் கையில். பேச்சு கிடையாது, இழுப்புத்தான். அமெரிக்கக் கடற்படையின் கணக்கில், கரையிலிருந்து ஒரு இழுப்பு என்றால் ‘நலமா?’ கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘நலம்’. கீழிருந்து இரண்டு வந்தால் கயிறு விட வேண்டும், மூன்று வந்தால் தொய்வை எடுக்க வேண்டும், நான்கு வந்தால் மேலே இழுக்க வேண்டும். இரண்டிரண்டாக மூன்று முறை வந்தால் ‘சிக்கிக்கொண்டேன், உதவி வேண்டும்’. நான்கு நான்காக மூன்று முறை துடித்தால் ஒன்றும் யோசிக்காமல் அந்த நொடியே தூக்க வேண்டும். அணிக்கு அணி இந்தக் கணக்கு மாறலாம். ஓர் அணிக்குள் மாறினால் உயிர் போகும்.

இதைப் படிக்கும்போது தூத்துக்குடி நினைவுக்கு வராமல் இருக்குமா? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு சரசரவென்று இறங்குவார்கள். அடி தொட்டதும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும்போது குளிப்பவர் மற்றொரு கயிற்றைச் சுண்டுவார், மேலிருப்பவர் தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் நிறுத்துவார்கள் என்று அந்தக் கரையில் காலங்காலமாகச் சொல்வதுண்டு. அண்ணன் தம்பிக்காவது சொத்தில் ஒரு கண் இருக்கலாம். மச்சான் கையை விட்டால் தாலி அறுப்பது அவன் கூடப் பிறந்தவள். நீலகிரிப் பாறைகளில் தேனெடுக்கத் தொங்குபவர்களிடமும் இதே வழக்கம் சொல்லப்படுகிறது. மலையேறினாலும் மச்சான் துணை வேண்டும் என்ற பழமொழியை ஏதோ விருந்துப் பேச்சு என்று நினைத்திருந்தால், அது பணி நியமன விதி.

கயிறு பிடிப்பவரின் தகுதியை உறவை வைத்து அளந்த முறை இது. நவீனத் தரநிலைகள் அதையே தேர்வு வைத்து அளக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு பதவியும் அங்கே இருந்தது. ‘கடல்கட்டி’. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். குளிப்பில் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்குப் போனதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். வெள்ளைக்காரர் காலத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கரையில் இல்லையென்றால் குளிப்பவர்கள் கடலில் கால் வைக்க மாட்டார்கள். சம்பளம் வாங்கிய முதல் பாதுகாப்பு அதிகாரி என்று இவரைச் சொல்லலாமா? மந்திரத்தைத் தேர்வு வைத்துச் சோதிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

மந்திரத்தை விட்டுக் கயிற்றுக்கே திரும்பினால், காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அதன் பேச்சை விளக்கத் தேவையில்லை. கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தரப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இழை இறுகியதா தளர்ந்ததா என்பதை நெய்பவரின் விரல் சொல்லிவிடும்.

அதே ஊரின் மிகப் பிரபலமான ‘நீருக்குள்ளிருந்து எடுத்தல்’ வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் நடந்தது. 1979-க்குப் பிறகு 2019-ல், குளத்துக்கடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்தி மரப் பெருமாளான அத்தி வரதர் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். அவரை வெளியே கொண்டுவர யாரும் முக்குளிக்கவில்லை. குளத்து நீரை இறைத்தார்கள். மீட்பு நீச்சலின் முதல் பாடம் இதுதான்: ஆளை இறக்காமல் முடியுமென்றால் இறக்காதே.

ஆனால் பாலாற்று மணல் குழியை இறைக்க முடியாது. ஏரியை இறைக்க முடியாது. அங்கே யார் இறங்குவது? காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருக்கிறது. அவர்கள் வருமுன் தீயணைப்புத் துறையினரும், பெரும்பாலும் ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்த இரண்டு பேரும்தான்.

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்று அட்டை வாங்கியவர் இறங்கலாமே என்று தோன்றும். ஐ.எஸ்.ஓ. 24801 தரநிலையின் இரண்டாம் நிலை, அவரைத் துணையோடு 20 மீட்டர்வரை அனுமதிக்கிறது. அதுவும் பயிற்சி பெற்ற நீரைப் போன்ற, அல்லது அதைவிட நல்ல நீரில். மணல் குழி எந்தக் கணக்கில் நல்ல நீர்? அவருக்குக் கற்றுத்தரும் பயிற்றுநருக்கு ஐ.எஸ்.ஓ. 24802 இருக்கிறது. அதுவும் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கானதே. மீட்புப் பணிக்கென அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1006-ஆம் தரநிலை தனியாக நிற்கிறது. அதே அமெரிக்காவில் தொழில்முறை முக்குளிப்புக்கான மத்தியப் பாதுகாப்பு விதி, அரசு அமைப்புகளின் தேடல் மீட்புப் பணிக்கு விலக்கு அளித்திருக்கிறது என்பது வேறு வேடிக்கை.

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது வந்த கடற்படைச் சீல் வீரர்கள் கடலில் புலிகள். குகை அவர்கள் பழகிய நீரல்ல. காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் சீல் வீரர் சமன் குனன் ஜூலை 6-ல் இறந்தார். சிறுவர்களைக் கண்டுபிடித்த ஸ்டான்டனும் வொலாந்தனும் ராணுவத்தினர் அல்ல, குகை முக்குளிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரிட்டிஷ்காரர்கள்.

ஆக, பயிற்றுநர் எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறார் என்பதைவிட எந்தத் தண்ணீரில், யார் கயிற்றைப் பிடிக்க இறங்கியிருக்கிறார் என்று கேட்பது உருப்படியான கேள்வி. ஊர் நீச்சல்காரரிடம் அவர் முதலில் மாற்ற வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. சிறுவயதிலிருந்து அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் மூச்சடக்கல். சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு, மூச்சை அடக்கியபடி வெறும் நான்கடி ஆழத்திலிருந்து மேலே வந்தாலும் நுரையீரல் கிழியக்கூடும். முத்துக்குளிப்பவரைக் காப்பாற்றிய அதே மூச்சு சிலிண்டர்க்காரரை எப்படிக் கொல்கிறது, அதைக் கற்றுத்தருபவர் கையில் என்ன அட்டை இருக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வாரம், இன்னொரு கயிறு குறுக்கே வராவிட்டால்.