பழுது மரம்: விபத்துக்களை முன்கூட்டி ஆராயும் முறை

இடுக்கி மாவட்டத்து வெள்ளத்தூவலில் பன்னியாறு நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. பொன்முடி அணையின் நீர், மலைச்சரிவில் பதித்த எஃகுக் குழாய் வழியே இறங்கி அங்குள்ள யந்திரங்களைச் சுழற்றுகிறது. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அக்குழாய் வெடித்து வெள்ளம் பாய்ந்ததில் பலர் உயிரிழந்தனர், நிலையமும் சேதமுற்றது.

இத்தகைய விபத்தை, அது நிகழுமுன்னரே காகிதத்தில் நிகழ்த்திப் பார்க்கும் முறைகளுள் ஒன்று 'பழுது மரம்' எனப்படும். 1960களின் தொடக்கத்தில், ஏவுகணை தவறுதலாகக் கிளம்பிவிடும் வாய்ப்பை ஆராயும்பொருட்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இது வகுக்கப்பெற்றது. மரமென்றாலும் தலைகீழாய் நிற்கும் மரம். அஞ்சும் விபத்தை உச்சியில் எழுதி, அதற்கு எவையெவை காரணமாகலாம் என்று கீழ்நோக்கி வினவிச் செல்லுதல் வேண்டும்.

மேற்கூறிய விபத்தின் விசாரணை முடிவாக அன்றி, முறையை விளக்கும்பொருட்டு மட்டும், ஒரு மலைக்குழாயை எடுத்துக்கொள்வோம். நீர் தடையின்றிப் பெருக்கெடுப்பதற்குக் குழாயும் உடைய வேண்டும். மேலுள்ள வால்வும் மூடாதிருத்தல் வேண்டும். இது இலக்கணத்து எண்ணும்மை போன்ற இணைப்பாகும். குழாய் உடைவதற்கோ, துருவால் தகடு மெலிதல் போதும். அல்லது கீழ் வால்வைத் திடீரென மூடுவதால் எழும் நீரடி போதும். 200 மீட்டர் உயர நீரே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோகிராம் அழுத்தம் தரும். நீரடி அதனை மேலும் கூட்டும்.

'அல்லது' வருமிடத்தில் நிகழ்தகவுகளைக் கூட்டலாம். 'உம்' வருமிடத்தில் பெருக்க வேண்டும். குழாய் உடைதல் ஆயிரத்தில் ஒன்று, வால்வு மூடாமை நூற்றில் ஒன்று எனக் கொண்டால், இரண்டும் சேர்ந்து நேர்தல் இலட்சத்தில் ஒன்றே. ஆயின், ஒன்றையொன்று சாராதவற்றிற்கே இப்பெருக்கல் பொருந்தும். ஒரே சிக்கன ஆணை இரண்டின் பராமரிப்பையும் நிறுத்தியிருப்பின் கணக்குப் பொய்த்துவிடும். கணக்கிடுவோர் சறுக்குவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, போபாலில் மெத்தில் ஐசோசயனைட் கசிந்தது. அங்கே காப்புக்களுக்குக் குறைவில்லை. எனினும் குளிர்பதன யந்திரம் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்திற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரமோ ஓய்வில் வைக்கப்பட்டிருந்தது. மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பெருக்கியிருந்தால் கிடைக்கும் சிறிய எண்ணுக்கு அன்றிரவு பொருளேயில்லை.

ஆகவே பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டின் தொழிற்சாலைக் கொதிகலனாயினும் இடுக்கியின் மலைக்குழாயாயினும், காப்பு வால்வு கடைசியாக என்று சோதிக்கப்பட்டது என்பதைக் களப் பணியாளர் முதலில் பதிவேட்டில் காண வேண்டும். அதன்பின், எல்லாக் காப்புக்களையும் ஒருசேர முடக்கக்கூடிய காரணம் எதுவென்று வினவ வேண்டும். வகுப்பறையில் இதனை விளக்கப் பிரஷர் குக்கரே போதும். ஆவி வழியும் அடைபட்டு, காப்பு வால்வும் திறவாதிருந்தாலன்றி அது வெடிப்பது அரிது. இரண்டையும் ஒரே பருப்பு நுரை அடைக்கக்கூடுமா என்று மாணவரைக் கேட்கலாம்.