காலிப் பையில் கை விட்டாலும் குற்றம்தான்! தெரியுமா?

மசோதா, ஒப்புதல், ஜாமீன், எஃப்.ஐ.ஆர். என்று நாளிதழைப் பிரித்தாலே சட்டச் சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவை என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள்!

அவையிலே...

நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றினாலும் மசோதா சட்டமாகிவிடாது, தெரியுமா? குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால்தான் அது சட்டம். தபால்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதா 1986-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் அதற்கு ஒப்புதலும் தரவில்லை, மறுக்கவும் இல்லை, அப்படியே வைத்துவிட்டார். அது சட்டமாகவே இல்லை!

ஒப்புதல் கிடைத்த சட்டமும் காத்திருக்கும், தெரியுமா? 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு 2023 டிசம்பர் 25-இல் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-இல்தான். அன்றும் ஓர் உட்பிரிவு மட்டும் வரவில்லை! விபத்தில் உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற 106(2) அது. லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்டது.

வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதா என்றால் மாநிலங்களவைக்கு 14 நாள்தான் கெடு, தெரியுமா? திருத்தம் சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் கையில்!

அமைச்சராக இல்லாத எம்.பி.யும் மசோதா கொண்டுவரலாம், தெரியுமா? திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015-இல் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையைத் தாண்டிய தனிநபர் மசோதா அது! அது சட்டமாகவில்லை என்றாலும், 2019-இல் அரசே அவர்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது.

குற்றத்திலே...

சொந்தக் கடிகாரத்தையே ஒருவர் திருட முடியும், தெரியுமா? அடகு வைத்த கடிகாரத்தைக் கடனை அடைக்காமல், அடகு பிடித்தவரின் சம்மதம் இல்லாமல் எடுத்துவந்தால் அது திருட்டு! சட்டமே தரும் எடுத்துக்காட்டு இது.

பிக்பாக்கெட் கைவிட்ட பையில் ஒரு பைசாகூட இல்லையா? அப்போதும் அவர் தப்ப முடியாது. திருட முயன்றதே குற்றம்! இதுவும் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

7 வயது நிரம்பாத குழந்தை எதைச் செய்தாலும் சட்டத்தின் பார்வையில் குற்றமே ஆகாது, தெரியுமா?

முதல்முறை திருட்டு, 5,000 ரூபாய்க்கும் குறைந்த பொருள், அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சிறை இல்லை, சமூக சேவை! பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்த புதிய தண்டனை இது.

நேற்று செய்ததை இன்று குற்றமாக்கித் தண்டிக்க நாடாளுமன்றத்தாலும் முடியாது, தெரியுமா? அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு போட்ட வேலி அது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான்!

காவல் நிலையத்திலே...

சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில் விழுப்புரம் அருகே நகை பறிபோகிறது. மதுரையில் இறங்கியே புகார் கொடுக்கலாம், தெரியுமா? 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. இப்படிப் பதியும் முதல் தகவல் அறிக்கைக்குப் பெயர் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.! பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

ஜாமீனில் விடத்தக்க குற்றமா? அப்படியானால் ஜாமீன் சலுகை அன்று, உரிமை! குற்ற வழக்கில் கைது செய்து காவலில் வைத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாகவேண்டும்.

இத்தனையும் வழக்கறிஞர்களுக்கு மட்டும் எழுதியதல்ல. நமக்காகவும்தான்; இவற்றில் பல, நம் ஓட்டில் ஜெயித்தவர்கள் கூடும் அவையில் உருவானவை. சட்டம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே காவல் நிலையத்தில் ஓர் ஏழையின் குரல் நிமிர்ந்து ஒலிக்கும். ஆகவே வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்!