கால்நடை செவிலியர் படிப்பு: சேர்வதற்கு முன் தலித் மாணவர்கள் அறிய வேண்டிய சட்டம்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் இடம் கிடைக்காத மாணவர்களைக் குறிவைத்து, 'கால்நடை செவிலியர்', 'கால்நடை மருத்துவ உதவியாளர்' என்ற பெயர்களில் சான்றிதழ்ப் படிப்புகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆடு மாடுகளோடு வளர்ந்த கிராமப்புற மாணவர்களுக்கு இவை இயல்பான தேர்வாகத் தோன்றுகின்றன. ஆனால் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திப் பெற்ற சான்றிதழைக் கொண்டு ஒரு கன்றுக்குத் தடுப்பூசி போடக்கூடச் சட்டப்படி உரிமையில்லை என்பது படிப்பு முடிந்த பின்னர்தான் தெரியவருகிறது என்றால், நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு அது பணத்தோடு நின்றுவிடும் இழப்பன்று. எந்தப் படிப்புக்குச் சட்ட வலு உண்டு, அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, அந்தப் பணியில் தலித் ஊழியருக்கு உள்ள உரிமைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் கால்நடை மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். அதன் 30ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாத எவரும் கால்நடை மருத்துவத் தொழிலை மேற்கொள்ளக் கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் கால்நடை பராமரிப்புத் துறை இயக்ககமோ, இந்தியாவில் உள்ள கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்றவர்களை, 'சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்' செய்ய மாநில அரசு ஆணை மூலம் அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுதல், ஆண்மை நீக்கம், காயங்களுக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதலுதவிப் பணிகளும், மாநில அரசு அரசிதழில் அறிவிக்கும் பிற பணிகளும் இதில் அடங்கும். இவையும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடைபெற வேண்டும்.

ஆகவே நிபந்தனைகள் மூன்று: சான்றிதழை உரிய அமைப்பு வழங்கியிருக்க வேண்டும், மாநில அரசின் அனுமதி ஆணை இருக்க வேண்டும், மருத்துவரின் மேற்பார்வை இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பணி சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடும். இச்சட்டத்தில் 'கால்நடை செவிலியர்' என்னும் சொல்லே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் அச்சொல் இருப்பதால் அப்படி ஒரு பதவி உருவாகிவிடுவதில்லை.

மனிதர்களுக்கான செவிலியர் கல்வியை முறைப்படுத்த 1947ஆம் ஆண்டிலேயே நாடு தழுவிய சட்டம் இயற்றப்பட்டது. கால்நடை துணை மருத்துவப் பணியாளர்களுக்கு அத்தகைய மத்தியச் சட்டமோ தேசியப் பதிவேடோ இல்லை. பிரிட்டனில் 1961இல் இதற்கான பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, 'செவிலியர்' என்னும் பெயரைப் பயன்படுத்த அனுமதி இல்லாததால் அவர்கள் 'துணைப் பணியாளர்' என்றே அழைக்கப்பட்டனர். 1984இல்தான் அப்பெயர் கிடைத்தது. 1991இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், உடற்குழிக்குள் செல்லாத சிறு அறுவைகளை மருத்துவரின் வழிகாட்டுதலில் செய்யும் உரிமையை அளித்தது. அங்கும் பெயர், பதிவு, பணி எல்லை ஆகியவை ஒவ்வொன்றாகவே கிடைத்தன.

எங்கே படிக்கலாம்? எதைக் கேட்க வேண்டும்?

ஆந்திரத்தில் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், கர்நாடகத்தில் பீதரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகமும் தம் கால்நடை பராமரிப்புப் பாலிடெக்னிக்குகள் வழியாக இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகின்றன. ராஜஸ்தானில் பீகானேர் கால்நடைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இரண்டாண்டுப் பட்டயம் உள்ளது. தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர் பணிக்குரிய 11 மாதப் பயிற்சியைக் கால்நடை பராமரிப்புத் துறையே அளித்துவந்துள்ளது. வேறு மாநிலத்தில் பெற்ற பட்டயத்தை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பணி செய்யும் மாநிலத்தின் அனுமதி ஆணையும் பணி நியமன விதிகளும் அதை ஏற்கின்றனவா என்பது தனிக் கேள்வி.

எந்த நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பும் நான்கு கேள்விகளை எழுத்து வடிவில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். சான்றிதழை வழங்குவது யார்? 30ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு வெளியிட்ட எந்த ஆணை அதை ஏற்கிறது? களப்பயிற்சி எந்தக் கால்நடை மருத்துவமனையில் நடைபெறும்? பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இப்படிப்புக்குப் பொருந்துமா?

கடைசிக் கேள்வி மற்ற மூன்றையும் சோதிக்கும் உரைகல். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான அந்த உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்களுக்கு உரியது. 2020 டிசம்பரில் மாற்றியமைக்கப்பட்ட திட்டப்படி, செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்பதே இதற்கு அடிப்படைத் தகுதி. உதவித்தொகை கிடையாது என்று நிறுவனம் கூறினால், அதற்கான காரணத்தைத் துருவிக் கேட்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டையும் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது. குறைந்த இடங்களே உள்ள பயிற்சிகளில் இந்தக் கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் கேட்டுப் பெறலாம்.

படிப்பின் உள்ளடக்கமும் உயிர்ப் பாதுகாப்பும்

விலங்கைப் பாதுகாப்பாகக் கட்டுப்படுத்துதல், உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் பார்த்தல், எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடுதல், குடற்புழு நீக்கம், கருவிகளைக் கிருமி நீக்கம் செய்தல், மாதிரி சேகரித்தல் ஆகியவை பாடத்தின் அடிப்படைகள். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்க வேண்டும். இந்தச் சங்கிலி வழியில் எங்கேனும் அறுந்தால், ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வரலாம். செயற்கைமுறைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் வைக்கப்படுகின்றன. கையாளத் தெரியாதவரின் தோலை அது நொடியில் கருக்கிவிடும்.

விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் பற்றிய பாடம் தலித் மக்களின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. அடைப்பான் நோயால் இறந்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத இரத்தம் கசியும். அந்தச் சடலத்தைத் திறக்கவோ தோலுரிக்கவோ கூடாது. திறந்தால் காற்றுப் பட்டு, நோய்க்கிருமி பல்லாண்டுகள் மண்ணில் அழியாதிருக்கும் வித்துகளாக மாறும். ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். செத்த மாட்டை அகற்றித் தோலுரிக்கும் வேலையைத் தலைமுறைகளாக ஒரு சாதியினர் மீது சுமத்திய சமூகம், அந்த வேலையில் உள்ள ஆபத்து குறித்த அறிவை அவர்களுக்குத் தரவில்லை. அதேபோல், நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்குப் போடப்படும் புருசெல்லோசிஸ் தடுப்பூசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. கை தவறி ஊசி தன்மீது பட்டால் போடுபவருக்கே நோய் வரக்கூடும். கையுறையும் கண்ணாடியும் கேட்பது ஊழியரின் உரிமை. பணியால் வந்த தொற்றுக்கு இழப்பீடு கோரவும் வழி உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கால்நடை மருத்துவப் பணியிலும் விலங்குச் சடலங்களைக் கையாளும் பணியிலும் ஏற்படும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய்களாகவே பட்டியலிட்டது.

சடலம் அகற்றுவது யார் வேலை?

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா வட்டத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து, இனிச் சடலங்களை அகற்ற மாட்டோம் என்று அம்மாநிலத் தலித் மக்கள் அறிவித்தனர். சுரேந்திரநகரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே மாட்டுச் சடலங்கள் கொண்டுவந்து போடப்பட்டன. அவ்வாண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்திருந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரை மனித அல்லது விலங்குச் சடலங்களை அகற்றவோ சுமக்கவோ வைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. பிரிவு 3(1)(ஐ)-இன்கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

கால்நடை மருத்துவமனையில் இப்பிரிவு எவ்வாறு பொருந்தும்? பிணக்கூறாய்வுக்கு உதவுவதும் மாதிரி எடுப்பதும் பயிற்சிக்குரிய மருத்துவப் பணிகள். எல்லா ஊழியரும் சுழற்சி முறையில், பாதுகாப்பு உடையோடு அவற்றைச் செய்யும்போது அங்கே இழிவு இல்லை. ஆனால் சம தகுதியுள்ள ஐவரில் தலித் ஊழியர் ஒருவர் மட்டுமே எப்போதும் சடலம் தூக்கவும் சாணம் அள்ளவும் அனுப்பப்பட்டால், அது பணி ஒதுக்கீடு என்ற போர்வையில் நடக்கும் சாதிக் கட்டாயம். பயிற்சிக் காலத்தில் மாணவர்களுக்கும் இது நிகழலாம்.

இத்தகைய சூழலில் சான்றுகளே வழக்கின் உயிர். வாய்மொழி உத்தரவு வந்தால், நாள், நேரம், சொன்னவர், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே குறித்துவைக்க வேண்டும். பணி ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் நகலைக் கோர வேண்டும். உத்தரவை எழுத்தில் தருமாறு கேட்டு விண்ணப்பம் அளித்து, பெற்றதற்கான ஒப்புகையைக் காக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்பதை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியுள்ளது.

இயக்கங்கள் செய்ய வேண்டியவை

துணை மருத்துவப் பணியாளர்களுக்கான பதிவு மன்றத்தைச் சட்டம் மூலம் அமைக்க வேண்டும். பட்டயம் பெற்றவர்கள் கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் சேரத் தனி ஒதுக்கீடு வேண்டும். சடலம் அகற்றுவதற்கு உள்ளாட்சிகள் இயந்திர வசதி செய்ய வேண்டும். இம்மூன்றும் இயக்கங்களின் கோரிக்கைகளாக வேண்டும். பட்டப் படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள் நீள்கிறது. அந்த வாசல் திறக்கப்படாவிட்டால், மருத்துவர் ஒரு சாதியும் மாட்டைப் பிடிப்பவர் இன்னொரு சாதியும் என்ற பழைய அடுக்கு அரசுச் சீருடையிலும் தொடரும்.

மாணவர் அமைப்புகள் உடனே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கால்நடை பராமரிப்புத் துறைக்கு விண்ணப்பித்து, 30ஆம் பிரிவின்கீழ் அனுமதிக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலையும், நிரப்பப்படாத கால்நடை ஆய்வாளர், உதவியாளர் பணியிடங்களையும், அவற்றில் பட்டியல் சாதியினருக்கு உரியவற்றையும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அப்பட்டியலை ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால், விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கும் நிலையிலிருந்து மாணவர் பலரைக் காக்கலாம்.