தரையைத் தூக்கும் நுரை

திருப்பூர் காதர்பேட்டையில் குடோன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தளம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டதாம், ஷட்டர் பாதியில் சிக்குகிறதாம். தரையை உடைக்காமலே ரசாயனம் செலுத்தித் தூக்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார்.

உண்மைதான். அந்த ரசாயனம் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. வாசகரின் குடோனில் அடுக்கியிருக்கும் லெகிங்ஸில் ஓடுகிற லைக்ரா நூலும் இதே குடும்பம். ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து, விரல் தடிமன் துளை வழியாகத் தளத்துக்கு அடியில் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் சூடேறி, நுரைத்து, உப்பி, இறுகிவிடும். லேசர் மட்டம் பார்த்தபடியே தளத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயர்த்தலாம்.

எனக்குப் பிடித்த விந்தை இனிதான். திறந்த வெளியில் ஊதவிட்டால் அது கன மீட்டருக்குச் சில பத்துக் கிலோ மட்டுமே வரும் லேசான நுரை. மண் நாலாபுறமும் நெருக்கினால் உப்ப இடமில்லாமல் 100, 200 கிலோ என்று அடர்ந்துபோகும். அடர்த்தி இரட்டிப்பானால் பலம் அதைவிடக் கூடுதலாக ஏறும். தளர்வாகக் குவித்த துணிக் கட்டிங் வேஸ்ட்டில் காலை வைத்தால் புதைகிறது. அதையே அழுத்திப் பேல் கட்டினால் மேலே ஏறி நிற்கலாம். நுரையை அப்படிப் பேல் கட்டித் தருவது மண். ஒரே டிரம்மிலிருந்து வந்தாலும் இடத்துக்கு இடம் பலம் மாறும்.

ஆகவே மண்ணைத் தெரியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சரியாக இறுக்காமல் கொட்டிய மண் அமர்ந்து, தளத்துக்கடியில் வெற்றிடம் விழுந்திருந்தால் நுரை அதை அழகாக நிரப்பும். கரிசலில் அது ஊறிப் பரவாது. களியைப் பிளந்துகொண்டு தகடு தகடாக ஓடும். கோடை வெடிப்புகளையெல்லாம் அடைத்துவிட்டால், மழையில் வீங்கும் மண் இடமின்றித் தளத்தையே மேலே தள்ளக்கூடும். குழாய்க் கசிவால் மண் அரித்திருந்தால், கசிவை அடைக்காமல் நுரை ஏற்றுவது வீண் செலவு. இறங்கிய தளத்தின் மேலேயே இன்னொரு கான்கிரீட் போட்டுப் பாரத்தைக் கூட்டுகிற நம்மூர் வழக்கம் அதைவிட மோசம். செலுத்திய பிளாஸ்டிக்கை மண்ணிலிருந்து திரும்ப எடுக்கவும் முடியாது. நொய்யல் ஆற்றுக்குச் சாயக்கழிவால் நாம் செய்தது போதாதா?

கரிசலா என்று அறிய எளிய சோதனை உண்டு. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக எழும்பி நிற்கிறதோ, அதுதான் அதன் வீக்கம். மண் பரிசோதனைக் கூடங்களில் இதைச் செய்து தருவார்கள்.