சான்றிதழுக்குப் பிறகு யார் வருவார்?

அம்பாறை மாவட்டக் கரையில், கல்முனை – அக்கரைப்பற்று பிரதான வீதியில் பாலமுனைக்கு வடக்கே ஒலுவில். 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. தெற்கே அட்டாளைச்சேனை, அங்கே தேசிய கல்விக் கல்லூரி. ஆசிரியர்களை உருவாக்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. தரம் ஒன்றுப் பிள்ளைக்குக் கற்பிக்கப் போகிறவர் கல்விக் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படிக்கிறார். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி பெறுகிறார். அந்த வருடத்தில் விரிவுரையாளர் வருவார், வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து பார்ப்பார், பாடம் முடிந்ததும் அவரோடு பேசுவார். அதே பிள்ளைக்கு அதற்கு முந்திய வருடம் பாலர் பாடசாலையில் கற்பித்தவருக்கு இப்படி வந்தமர்ந்து பார்க்கும் ஒருவரை உறுதிசெய்யும் முறை இன்னும் வேரூன்றவில்லை. நம் பாலர் பாடசாலைப் பயிற்சியின் பெருங்குறை இதுதான் என்பது என் வாதம். செயலமர்வுகளுக்கும் சான்றிதழ்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. பயிற்சி முடிந்து ஆசிரியை வகுப்புக்குத் திரும்பிய பிறகு அவர் பின்னால் யாரும் போவதில்லை என்பதே பிரச்சினை.

இலங்கையில் முன்பிள்ளைப் பருவக் கல்வி பாடசாலைக் கல்வியைப் போல ஒரே கூரையின் கீழ் வளரவில்லை. நாட்டில் 19,000க்கும் மேற்பட்ட முன்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியைத் தனியாரும் சமய, சமூக அமைப்புகளும் நடத்துகின்றன. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் மாகாண சபைகளுக்கு இதில் பொறுப்புண்டு. மத்திய அரசில் சிறுவர் செயலகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஆசிரியை படிப்பதற்கும் பல வாசல்கள் உண்டு. திறந்த பல்கலைக்கழகம் தமிழிலும் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் தருகிறது. தேசிய தொழிற் தகைமையின் நான்காம் மட்டத்தில் முன்பள்ளி ஆசிரியருக்கான பயிற்சிநெறி இருக்கிறது. இவை போக, நிறுவனங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் ஏராளம். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் பிறகு இக்கரையெங்கும் வந்த உதவிகளோடு முன்பள்ளிக் கட்டிடங்களும் வந்தன, பயிற்சிகளும் வந்தன. 2015இல் உலக வங்கி 5 கோடி டொலரை முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென நாட்டுக்கு ஒதுக்கியது. ஒரு திட்டத்துக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. நான்கு வயதுப் பிள்ளைகளோ ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக வந்து சேருகிறார்கள்.

பயிற்சி வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது ஏன் இவ்வளவு கடினம்? சின்ன விஷயமொன்றை எடுத்துப் பார்ப்போம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பாயில் பரப்பி, பிள்ளைகளை வகைபிரிக்க விட்டிருக்கிறார் ஒரு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமி ஒரு சிப்பியை மட்டும் தனியே ஒதுக்கி வைக்கிறாள். "இது என்ன கலர் மகள்?" என்று கேட்டால் "வெள்ளை" என்பாள். ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "இத மட்டும் ஏன் தனிய வெச்ச?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், கொஞ்சம் யோசித்து, "இது உடஞ்சிரிக்கு டீச்சர்" என்று சொல்லக்கூடும். "அப்ப உடையாதது எத்தின இரிக்கு?" என்றதும் அவள் விரல் வைத்து எண்ணத் தொடங்குவாள். காரணம் சொல்வது, ஒப்பிடுவது, எண்ணுவது, முழு வசனத்தில் பேசுவது எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுகின்றன. அச்சிட்ட பயிற்சித்தாளோ விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை இரண்டு: கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வி, அதன் பிறகு சில விநாடி மௌனம்.

அந்த மௌனம் எவ்வளவு அரியது என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். ஆரம்ப வகுப்புகளில் அறிவியல் பாடங்களை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடியளவுதான் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வி கேட்டபின் மூன்று விநாடி பொறுங்கள் என்று ஒரு செயலமர்வில் சொல்லிவிட அரை நிமிடம் போதும். கேட்பவர் குறிப்பெடுத்துக்கொள்வார், பரீட்சையில் சரியாகவும் எழுதுவார். ஆனாலும் இருபத்தைந்து பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் காலைப்பொழுதில் தான் எத்தனை விநாடி பொறுத்தோம் என்பது அவருக்கே தெரியாது. நம் பேச்சின் வேகம் நம் காதில் விழுவதில்லை. அதைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பார்த்தவர் அடுத்த மாதமும் வர வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் மட்டும் ஆசிரியரின் வகுப்பறைப் பழக்கத்தை மாற்றுவதில்லை, கூடவே இருந்து துணைசெய்வது சேரும்போதுதான் கற்றது நிலைக்கிறது என்று புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே வாதிட்டார்கள். 2018இல் மத்தியூ கிராப்டும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட வகுப்பறைத் துணை பற்றிய 60 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கற்பித்தல் தெளிவாக மேம்பட்டிருந்தது; பிள்ளைகளின் கற்றலும் ஓரளவு உயர்ந்திருந்தது. மறைக்கக் கூடாத இன்னொன்றும் அதில் இருந்தது: சிறிய திட்டங்களில் கிடைத்த பயன் பெரிய திட்டங்களில் வெகுவாகக் குறைந்தது. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கு என்று விரிக்கும்போது, வருகிற துணையாளரின் தரமும் வருகையின் ஒழுங்கும் தளர்ந்துபோகின்றன என்றே நான் இதை வாசிக்கிறேன். அப்படியானால் ஊரளவில், கோட்டத்தளவில் தொடங்குவதுதான் சரி. பாலமுனை போன்ற இடத்துக்கு இது சாதகமான செய்தி.

சம்பளத்தைக் கூட்டாமல் பயிற்சியைப் பேசுவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெற்றோர் கட்டும் மாதாந்தக் கட்டணத்திலிருந்து கிடைக்கும் சிறு தொகையும் அரசின் சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுமாக வாழும் ஒரு பெண், அதைவிட நல்ல வேலை கிடைத்ததும் போய்விட்டால் அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. கொடுப்பனவு கூட வேண்டும். அது கௌரவமான அளவை எட்டும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதுவரை பயிற்சியை நிறுத்திவைப்பதால் ஆசிரியைக்கு எந்த நன்மையும் இல்லை. தனித்து விடப்பட்டிருப்பதும் ஆசிரியர்களைக் களைப்படையச் செய்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவைச் சூழ்ந்த பகுதியில் 2015–16 கல்வியாண்டில் 240 பாடசாலைகளில் ஒரு பரிசோதனை நடந்தது. பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு வருடத்தில் மொத்தம் எட்டு நாள் பயிற்சிதான். அதோடு பயிற்றுநர்கள் வகுப்பறைக்கு நேரில் போய்த் துணைசெய்தார்கள். கற்பித்தலும் பிள்ளைகளின் கற்றலும் மேம்பட்டதோடு, ஆசிரியர்களின் பணிச்சோர்வும் குறைந்தது. எட்டு நாள் என்பது நம் ஊரில் எட்டாத கனவல்ல.

அதே பரிசோதனை நமக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பாடசாலைகளில் ஒரு பிரிவில் ஆசிரியர் பயிற்சியோடு பெற்றோருக்கான விழிப்புணர்வுக் கூட்டங்களையும் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்தால் பயன் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு: பெற்றோர் கூட்டம் சேர்ந்த இடங்களில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயன் காணாமல் போனது. காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை. விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றிக் கேள்விப்பட்ட பெற்றோர், எழுத்தையும் ஒழுங்கையும் ஆசிரியர் கைவிடுகிறார் என்று அஞ்சி அவரை மறுபக்கம் இழுத்திருக்கலாம். பாலமுனையிலோ நிந்தவூரிலோ மருதமுனையிலோ பாலர் பாடசாலை நடத்தும் எவருக்கும் அந்த இழுப்பு பழக்கமானதுதான். "எங்கட பிள்ளை இன்னும் 'அ' எழுதல்லயே டீச்சர்" என்று வரும் உம்மா தவறானவர் அல்லர்; தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று கவலைப்படுகிறார். அவரிடம் சொல்லத்தக்க ஓர் உண்மை இருக்கிறது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் ஒன்றிலேயே விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் கற்பித்தல் முறையாக ஏற்றது. தரம் ஒன்றுப் பிள்ளையை விளையாடவும் விட வேண்டும் என்று அரச பாடத்திட்டமே சொல்லும்போது, நான்கு வயதுப் பிள்ளையை மேசையோடு கட்டிப்போடக் காரணமில்லை. ஆனால் இதைக் கூட்டம் போட்டு ஒலிவாங்கியில் சொன்னால் உம்மாமார் நம்பமாட்டார்கள். வகுப்புக்கு அழைத்து, தன் மகள் சிப்பிகளை எண்ணுவதைக் கண்ணால் பார்க்க வைத்தால் நம்புவார்கள். அதை நடத்திக் காட்டும் துணிவு ஆசிரியைக்கு வர, பின்னால் ஒரு துணை வேண்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அங்கே நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளில், அதாவது அரச சிறுவர் மையங்களில், நடந்த ஆய்வொன்றில், சில மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். புதிதாக வந்தவர்களுக்கு ஏற்கெனவே இருந்தவர்களைவிட அனுபவம் குறைவு. இருந்தும் பிள்ளைகளுக்குக் கற்பித்த நேரம் இரட்டிப்பானது. கணிதத்திலும் மொழியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அப்படியானால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். இந்த ஆய்வு பயிற்சியை மறுக்கவில்லை. சான்றிதழின் எடையைக் கொண்டு கற்பித்தலை அளப்பதைத்தான் மறுக்கிறது. நேரம் இல்லாத இடத்தில் எந்தத் திறமையும் வேலைசெய்யாது. அங்கே உணவும் பதிவேடும் பணியாளரின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. இங்கே விடுகை விழாவும் கண்காட்சியும் விளையாட்டு விழாவும் எடுத்துக்கொள்கின்றன. மேடைக்கான ஒத்திகையில் வாரங்கள் கழிவது ஊரறிந்த விஷயம். பிள்ளைகள் மேடையேறுவது அழகுதான். அதற்காக ஒரு தவணையின் பாதியைக் கொடுப்பது அதிகம். ஆசிரியைக்கு எட்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, கற்றதைச் செய்துபார்க்கும் காலைப்பொழுதைப் பறித்துவிட்டால் அந்த எட்டு நாளும் வீண்.

சரி, யார் வருவது? அரச பாடசாலைகளுக்கு ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வகுப்பறைக்குப் போவது அவர்கள் தொழில். பாலர் பாடசாலைக்கு வரும் உத்தியோகத்தரோ ஒரு பிரதேசம் முழுவதையும் கவனிக்க வேண்டியவர். வந்தால் பதிவு, மலசலகூடம், வரவு இடாப்பு என்று பார்ப்பதற்கே நேரம் போய்விடும். அந்தப் பரிசோதனையும் அவசியம்தான். ஆனால் பரிசோதிக்க வருபவரிடம் எந்த ஆசிரியையும் தன் தடுமாற்றத்தைச் சொல்லமாட்டார். கற்பிக்கத் துணைசெய்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். அவரை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கைந்து பாலர் பாடசாலைகள் ஒரு வட்டமாகச் சேர்ந்து, அனுபவமும் நல்ல கையும் உள்ள ஒருவரைத் தெரிந்தெடுக்கட்டும். மாதத்தில் இரண்டு காலை அவர் மற்றவர்களின் வகுப்பில் போய் அமரட்டும். அவருடைய வகுப்பை அன்று உதவி ஆசிரியை பார்த்துக்கொள்வார். அட்டாளைச்சேனைக் கல்விக் கல்லூரியின் விரிவுரையாளர் ஒருவர் தவணைக்கு ஒருமுறை இந்தத் துணையாசிரியர்களைச் சந்தித்து அவர்கள் பார்த்ததைக் கேட்கட்டும். ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் இக்கரையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். செலவு என்று பார்த்தால் போக்குவரத்தும் துணையாசிரியருக்கான சிறு கொடுப்பனவும்தான். மண்டபத்துக்கும் பதாகைக்கும் மதிய உணவுப் பொதிக்கும் போகும் பணத்தை எண்ணிப் பார்த்தால் இது பெரிய தொகையல்ல.

பாலர் பாடசாலை நடத்தும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் சங்கங்களுக்கும் பிரதேச சபைக்கும், இங்கே பயிற்சி நடத்த முன்வரும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த செயலமர்வுக்கு அழைப்பிதழ் அடிக்கும் முன், அது முடிந்த அடுத்த மாதம் எந்த ஆசிரியையின் வகுப்புக்கு யார் போவார் என்று பெயரும் திகதியும் எழுதிய பட்டியலைத் தயாரித்துவிடுங்கள். அந்தப் பட்டியல் இல்லாத பயிற்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.