கணினிகள் முகவரி அறியுமாறு

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இன்மை நெடுங்காலக் குறையாகும். கடித உறையிற் பெறுவோர் பெயரும் தோட்டத்தின் பெயருமே காணப்படும். அஞ்சல், தோட்டம் வரை வந்து சேரும். அவர் எந்த லயத்தில் எக்காம்பராவில் உறைகின்றார் என்பதைத் தோட்டத்தினுள்ளேயே கேட்டறிதல் வேண்டும். கணினிகளும் இத்தகைய இடர்ப்பாட்டையே எதிர்நோக்குகின்றன.

வலையமைப்பிற் சேர்ந்த கணினிக்கு இருவகை முகவரிகள் உள. ஒன்று ஐ.பி. முகவரி. அதன் நான்காம் பதிப்பு 32 இரும இலக்கங்களாலானது. கணினி எவ்வலையமைப்பைச் சார்ந்தது என்பதை அது காட்டும். கணினி வேறு வலையமைப்பிற்குச் சென்றால் அதுவும் மாறும். மற்றையது எம்.ஏ.சி. எனப்படும் வன்பொருள் முகவரி. 48 இரும இலக்கங்களைக் கொண்ட இதனை வலையமைப்பு அட்டையைச் செய்வோர் அதிற் பதித்துவிடுகின்றனர். தொலைவிலிருந்து வரும் தரவுப் பொதியை உரிய வலையமைப்பின் வாயில்வரை கொணர்வது முன்னது. அங்கிருந்து குறித்த கருவியிடம் ஒப்படைக்க உதவுவது பின்னது. முன்னது மட்டும் தெரிந்திருக்கப் பின்னதை அறிதல் எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடையாக டேவிட் பிளம்மர் என்பார் 1982ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டதே முகவரித் தீர்வு நெறிமுறையாகும். அதன் செயல் தோட்டத்துப் பிரட்டுக்களத்தை ஒக்கும். தொழிலாளர் கூடிநிற்க ஒரு பெயர் உரக்க அழைக்கப்படுகின்றது. அழைப்பு எல்லோர் செவியிலும் விழ, உரியவர் மட்டுமே குரல் கொடுக்கின்றார். அவ்வாறே, "இந்த ஐ.பி. முகவரிக்குரியவர் யார்?" என்னும் வினாவைக் கணினி தன் உள்ளக வலையமைப்பிலுள்ள கருவிகள் யாவற்றுக்கும் விடுக்கின்றது. 48 இலக்கங்களும் 1 ஆக அமைந்த பொது முகவரிக்கு அவ்வினா செல்லும். வினவும் கணினியின் இரு முகவரிகளும் வினாவிலேயே அடங்கியிருத்தலால், உரிய கருவி அதற்கு மட்டும் நேரே விடையிறுக்கின்றது. அவ்விடை ஓர் அட்டவணையிற் சிறிது காலம் குறித்து வைக்கப்படும். தவணை கழிந்தபின் வேண்டின் மீண்டும் வினவப்படும். பெறுவோர் வேறு வலையமைப்பினராயின், வாயிலில் நிற்கும் வழிப்படுத்தியின் முகவரியே வினவப்படும்.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. விடை கூறுவோர் உண்மையாகவே உரியவர்தாமா எனச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. வஞ்சகக் கருவியொன்று "யானே அவன்" எனப் பொய் விடை கூறின், பிறர்க்குரிய செய்திகள் அதன் கைக்குச் செல்லும். ஆதலின், முகவரி வழங்கிய பதிவோடு விடையை ஒப்புநோக்கிப் பொய்யானதைத் தள்ளும் ஆளிகள் இன்று பயன்படுகின்றன. செய்தியை மறைகுறியாக்கி அனுப்புவதும் காப்பாகும். இடையிற் கவர்ந்தோர் அதனைப் படித்தல் அரிது.

பிறர் கைவழிச் செல்லும் கடிதத்திற்கும் இவ்விடர் உண்டு. உரிய நாளிற் கைசேராத ஒரு கடிதம், தோட்டத்து மாணவன் ஒருவனின் நேர்முகப் பரீட்சையையே இழப்பித்தல் கூடும். கணினியின் வினாவிற்குக் கணப்பொழுதில் விடை கிடைக்கின்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்த மக்களுக்குத் தத்தம் வாயிலுக்கெனத் தனி முகவரி வாய்த்தல் அதனினும் முதன்மையான தேவையாகும்.